பார்படோஸா, மார்த்தினீக்கா? கடல், சந்தை, ரம் மூன்றுக்கும் ஒரே வாரம்

ஒரு வாரம் விடுமுறை. கடலில் குளிக்க வேண்டும், ஊர்ச் சந்தையில் சுற்ற வேண்டும், நல்ல ரம் எப்படி உருவாகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். கரீபியனில் இந்த மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் தீவுகளில் பார்படோஸும் மார்த்தினீக்கும் முதல் வரிசையில் இருப்பவை. இரண்டுக்கும் நடுவே சுமார் 230 கி.மீ. கடல் கிடக்கிறது, வழக்கமான பயணிகள் படகு கிடையாது. விமானத்தில் தாவலாம் என்றால் பெட்டி கட்டுவது, குடியேற்றச் சோதனை, வேறு நாணயம், வேறு மொழி என்று ஒரு முழு நாள் கரைந்துவிடும். ஒரு வாரத்துக்கு ஒரு தீவு போதும்.

கடற்கரைப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் முடிவு வராது. இரண்டிலும் கடல் அருமை. முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள் வேறு. கார் ஓட்டுவீர்களா? எந்த வகை ரம் உங்கள் நாக்குக்கு ஒத்துவரும்? எந்த ஊரிலிருந்து கிளம்புகிறீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் மற்றவை தாமாக ஒழுங்குக்கு வரும்.

கிளம்புமுன் பார்க்க வேண்டியது

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குப் பார்படோஸில் 90 நாள் வரை தங்க விசா தேவையில்லை. சிக்கல் வழியில்தான் இருக்கிறது. லண்டன், மயாமி, நியூயார்க், டொரொண்டோ ஆகியவைதான் பெரும்பாலான விமானங்கள் புறப்படும் ஊர்கள். அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்க டிரான்சிட் விசா கட்டாயம். லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி காட்விக்கில் ஏற வேண்டிய டிக்கெட்டை விலை குறைவு என்று வாங்கினால், பிரிட்டன் எல்லையைக் கடக்க வேண்டியிருக்கும். அதற்குத் தனி விசா. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே எந்த நிலையத்தில் இறங்கி எந்த நிலையத்தில் ஏறுகிறோம் என்று பாருங்கள்.

மார்த்தினீக் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். நாணயம் யூரோ, சட்டம் பிரெஞ்சுச் சட்டம். ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் வராது. சாதாரண ஷெங்கன் விசாவோடு போனால் பாரிஸில் விமானம் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். விண்ணப்பத்தில் மார்த்தினீக் போவதாகக் குறிப்பிட்டு, அந்தப் பகுதிக்குச் செல்லும் என்ற குறிப்போடு விசா வாங்க வேண்டும். பாரிஸில் இரண்டு நிலையங்கள் இருப்பதையும் மறக்காதீர்கள். சார்ல் த கோலில் இறங்கி ஓர்லியில் ஏற வேண்டியிருந்தால் நகரத்தைக் கடந்தாக வேண்டும்; அதற்கு ஷெங்கன் விசாவும் தேவை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரி, காரைக்கால் குடும்பத்தார்க்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவர்களுக்கு இது உள்நாட்டுப் பயணம். பாரிஸ் தமிழர்களுக்கு மார்த்தினீக்கும், லண்டன், டொரொண்டோ தமிழர்களுக்குப் பார்படோஸும் நேரடி விமானத்தில் கிடைப்பதால், அவர்களில் பலருக்கு முடிவு பாதி அங்கேயே முடிந்துவிடும்.

பஸ்ஸா, காரா

பார்படோஸின் மொத்தப் பரப்பு 431 சதுர கி.மீ. நீளம் 34 கி.மீ., அகலம் 23 கி.மீ. கார் இல்லாமல் முழுத் தீவையும் பார்த்துவிடலாம் என்பதுதான் இதன் பெரும் பலம். மூன்று வகை வண்டிகள் ஓடுகின்றன: அரசின் நீல பஸ், தனியாரின் மஞ்சள் மினி பஸ், மெரூன் பட்டை போட்ட வெள்ளை வேன். அந்த வேனை நம்பர் பிளேட்டின் முதல் எழுத்துகளை வைத்து எல்லோரும் இசட்.ஆர். என்றே சொல்வார்கள். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், 3.50 பார்படோஸ் டாலர். அரசு பஸ்ஸில் சில்லறை திருப்பித் தரமாட்டார்கள். உள்ளூர் நாணயத்தைச் சரியாக எண்ணி வைத்திருங்கள். நிறுத்தப் பலகையில் 'நகரத்துக்கு', 'நகரத்திலிருந்து' என்ற இரண்டே திசைகள்தான் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். தலைநகர் பிரிட்ஜ்டவுனுக்குப் போக எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது அதைப் பார்த்தாலே தெரியும். தெற்கு, கிழக்குப் பக்க பஸ்கள் ஃபேர்சைல்ட் தெருவிலிருந்தும், மேற்கு, வடக்குப் பக்க பஸ்கள் பிரின்சஸ் ஆலிஸ் நிலையத்திலிருந்தும் கிளம்பும். தெற்குக் கடற்கரை நெடுக ஓடும் 11-ஆம் எண் வேனை நம்பித் தங்குமிடம் எடுப்பவர்கள் வருந்துவதில்லை. சத்தமான இசை, நெருக்கம், வேகம் மூன்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

மார்த்தினீக் 1,128 சதுர கி.மீ.; பார்படோஸைப் போல இரண்டரை மடங்கு. வடக்கில் எரிமலையும் மழைக்காடும் உண்டு. தலைநகர் ஃபோர்-த-பிரான்சிலிருந்து பங்கு டாக்சிகள் ஓடுகின்றன. மாலைக்குள் அவை ஓய்ந்துவிடும், ஞாயிறன்று கிடைப்பது அரிது. கார் இல்லாமல் இங்கே ஒரு வாரம் இருப்பது பணத்தை வீணாக்குவதற்குச் சமம். வண்டி வலப்பக்கம் ஓட வேண்டும். வாடகைக் கார்களில் பெரும்பாலானவை கியர் வண்டிகள். ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். காலை 6:30 முதல் 9 மணி வரை லாமாந்தேன் பக்கமிருந்து தலைநகருக்குள் நுழையும் சாலை நெரிசலில் நிற்கும். தெற்கே தங்கியிருப்பவர்கள் அந்த நேரத்தில் வடக்கே கிளம்பக் கூடாது. த்ருவா-ஈலே பக்கம் தங்கினால் தலைநகருக்குப் படகில் சுமார் 20 நிமிடத்தில் போய்விடலாம்; சந்தைக்குப் போக அதைவிட நல்ல வழி இல்லை.

பார்படோஸில் கார் எடுத்தால் இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தான். உள்ளூர் தற்காலிக ஓட்டுநர் அனுமதி ஒன்று வேண்டும். வாடகைக் கடைக்காரரே போட்டுத் தருவார். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் சாலைகள் குறுகல், வளைவில் எதிர் வண்டி தெரியாது.

கடல்

இரண்டு தீவுகளுக்கும் ஒரு பொது விதி: மேற்குப் பக்கம் கரீபியன் கடல், அமைதி, கிழக்குப் பக்கம் அட்லாண்டிக், அலையும் இழுப்பும் பலம். இதை மனத்தில் வைக்காமல் அறை எடுப்பவர்கள்தான் கடலுக்கு எதிரேயே இருந்தும் குளிக்க முடியாமல் திரும்புவார்கள்.

பார்படோஸின் மேற்குக் கரையில் பெய்ன்ஸ் பே, மல்லின்ஸ் போன்ற கடற்கரைகள் குளத்துத் தண்ணீர் மாதிரி தெளிவு. சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுவே சரி, ஆனால் தங்குமிட விலை தீவிலேயே அதிகம். தெற்குக் கரையில் ராக்லி, வொர்திங், டோவர், என்டர்பிரைஸ் கடற்கரைகளில் மிதமான அலை இருக்கும், விலையும் கொஞ்சம் இறங்கும், நடந்துபோகும் தூரத்தில் கடைகளும் இருக்கும். முதல் முறை போகிறவர்களுக்கு வொர்திங் முதல் ஓய்ஸ்டின்ஸ் வரையிலான பட்டையைத்தான் சொல்ல வேண்டும். பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் பேயில் மூழ்கிய கப்பல்கள் பல கிடக்கின்றன. சில ஆழம் குறைந்த இடத்தில் இருப்பதால் ஸ்நார்க்கல் முகமூடி போதும், ஆமைகளும் வரும். சொகுசுக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் காலை 10 முதல் பிற்பகல் 3 வரை அங்கே கூட்டம் தாங்காது. 7 மணிக்குப் போய் 9:30-க்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கரையின் பாத்ஷீபாவைப் பார்க்காமல் வரக் கூடாது, அங்கே நீந்தவும் கூடாது. பெரும் பாறைகள், அடியோட்டம், கரையிலேயே மடிந்து விழும் அலை. சர்ஃபிங் நன்றாகத் தெரிந்தவர்களின் இடம் அது. மற்றவர்கள் அலை தாழ்ந்த நேரத்தில் பாறைகளுக்கு நடுவே தேங்கும் சிறு குளங்களில் உட்கார்ந்து குளிக்கலாம்.

மார்த்தினீக்கில் கடற்கரைகளின் வகை அதிகம். தெற்கு முனையில் சாந்த்-ஆன் அருகிலுள்ள லே சலீன் வெள்ளை மணலும் கடல்வரை சாய்ந்த தென்னையுமாக நீண்டு கிடக்கும். ஞாயிறன்று தீவின் பாதிக் குடும்பங்கள் அங்கே சமையல் பாத்திரத்தோடு இருக்கும். வண்டி நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போய்விடும். வாரநாளில் போங்கள். ஆன்ஸ் துஃபூர், ஆன்ஸ் நுவார் இரண்டும் அடுத்தடுத்த சிறு வளைகுடாக்கள். முன்னதில் வெளிர் மணல், பின்னதில் எரிமலைக் கறுப்பு மணல். இரண்டிலும் காலையில் ஆமைகளைப் பார்க்கலாம். தொடக் கூடாது, துரத்தக் கூடாது, மேலே மூச்சு வாங்க வரும்போது வழியை மறிக்கக் கூடாது. லே தியமான் ஊரின் நீண்ட கடற்கரை கண்ணுக்கு அழகு, இழுப்பு மோசம். எதிரே நிற்கும் பாறையைப் பார்த்துவிட்டுக் குளிக்க வேறு இடம் போங்கள். லெ பிரான்சுவா ஊருக்கு எதிரே கடல் நடுவில் இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும் வெள்ளை மணல் திட்டுகளுக்குப் படகில் கூட்டிப்போவார்கள். அது அட்லாண்டிக் பக்கமே ஆனாலும் பவளத் திட்டுகள் அலையை உடைத்துவிடுகின்றன.

இங்கே சர்காசம் பாசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து பழுப்புப் பாசி பெரும் படலங்களாக வந்து ஒதுங்குகிறது. மார்ச் முதல் ஆகஸ்ட், செப்டம்பர் வரை எந்த வாரமும் வரலாம். ஒதுங்கி இரண்டு நாளில் அழுகத் தொடங்கும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளியேறும். அது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உண்மையான ஆபத்து. மார்த்தினீக்கில் லெ ரொபேர், லெ பிரான்சுவா, லெ வோக்ளேன் பக்கமும், பார்படோஸில் கிழக்கு, தென்கிழக்குக் கரைகளும் அதிகம் பாதிக்கப்படும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் இரண்டு தீவிலும் மேற்குப் பக்கமே அறை எடுப்பது நல்லது. பார்படோஸ் சிறியது என்பதால், ஒரு கரை கெட்டிருந்தால் அரை மணி நேரத்தில் மறு கரைக்குப் போய்விடலாம் என்ற வசதி இங்கே பெரிதாகக் கைகொடுக்கும்.

மான்சினீல் மரம் இரண்டு தீவிலும் மணலை ஒட்டி வளரும். சிறு பச்சை ஆப்பிள் போன்ற காய், பளபளக்கும் இலை. அதன் பால் தோலைப் பொசுக்கும். காயைக் கடித்தால் தொண்டை வீங்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே கொப்புளம் போடும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை பூசியிருப்பார்கள். பட்டை இல்லாத மரமும் உண்டு. குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். பார்படோஸுக்கு மட்டும் உரிய இன்னொரு விதி: ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட உடை, தொப்பி, பை எதுவும் பொதுமக்கள் அணியக் கூடாது. சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் சேர்த்தே.

சந்தை

சந்தை விஷயத்தில் மார்த்தினீக் ஒரு படி மேல். தலைநகரின் மூடிய பெருஞ்சந்தை இரும்புச் சட்டங்களால் கட்டப்பட்டது. கட்டடக் கலைஞர் ஆன்ரி பிக், ஆண்டு 1901. அதே ஊரின் ஷெல்ஷேர் நூலகமும் அவர் கட்டியதே. உள்ளே நுழைந்ததும் பட்டை, ஜாதிக்காய், வனிலா, கிராம்பும் மிளகும் சேர்ந்தது போல் மணக்கும் புவா தாந்த் இலை, ரம்மில் ஊறும் பழங்கள் என்று மணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். திங்கள் முதல் சனி வரை, காலைதான் நேரம். பிற்பகலில் பாதிக் கடை கட்டிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை.

அங்கே மஞ்சள் நிறப் பொடியைக் 'கொலொம்போ' என்று விற்பார்கள். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம். சிலர் வறுத்த அரிசியும் சேர்ப்பார்கள். மிளகாய் மிகக் குறைவு. காரத்துக்கு உருண்டை மிளகாய் ஒன்றை முழுதாகக் குழம்பில் போட்டு, உடையாமல் வெளியே எடுத்துவிடுவது அவர்கள் முறை. இந்தப் பொடி அங்கே போய்ச் சேர்ந்த கதை தமிழர்களின் கதை. 1853 மே 6 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் புதுச்சேரி பக்கத்திலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து சேன்-பியேரில் இறக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் சுமார் 25,000 பேர் வந்தார்கள், பெரும்பாலோர் தமிழர். அடிமை முறை 1848-இல் ஒழிந்தபின் கரும்பு வெட்ட ஆள் தேடிய தோட்டங்களுக்குத்தான் இவர்கள் தேவைப்பட்டார்கள். வடக்கே பாஸ்-புவான்த் பகுதியில் மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் இன்றும் வழிபாடு நடக்கிறது. வேடிக்கை பார்க்கும் இடமாக அதை எண்ணாதீர்கள். பூசை நடந்தால் கேட்டுவிட்டு நில்லுங்கள், படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். சந்தையில் தொங்கும் கட்டம் போட்ட மதராஸ் துணியும் ஒரு காலத்தில் நம் கரையிலிருந்து போனதே. இன்று விற்பதில் பெரும்பகுதி இயந்திரத் துணி என்பதால் தொட்டுப் பார்த்து, பருத்தியா என்று கேட்டு வாங்குங்கள்.

சந்தையில் வனிலா வாங்கும்போது விரலில் சுற்றிப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் நல்லது, சடக்கென்று ஒடிந்தால் பழையது. கண்ணாடிப் புட்டியில் ஊறும் பழ ரம் விமானத்தில் ஒழுகும்; மூடிக்கு மெழுகு வைத்துத் தரச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் விலை கேட்குமுன் 'போன்ஜூர்' சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் கையை நீட்டிக் கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள், விலையும் இறங்காது.

ஒரு கவலையான விஷயம். வாழைத் தோட்டங்களில் 1993 வரை அடிக்கப்பட்ட குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்து மார்த்தினீக் மண்ணில் இன்னும் தங்கியிருக்கிறது. சேப்பங்கிழங்கு, சேனை, சர்க்கரைவள்ளி போன்ற கிழங்குகள் அதை உறிஞ்சுகின்றன. சாலையோரத்தில் எங்கிருந்து வந்தது என்று தெரியாத கிழங்கையோ கரையோர மீனையோ வாங்கிச் சமைக்காதீர்கள். சோதனைக்கு உட்பட்ட சந்தையிலும் கடையிலும் வாங்குங்கள். வாழைப்பழம் போல மரத்தில் காய்ப்பவற்றுக்கு இந்தப் பயம் இல்லை.

பார்படோஸின் சந்தை வேறு மாதிரி. பிரிட்ஜ்டவுன் சீப்சைட் சந்தை சனிக்கிழமை காலையில்தான் உயிரோடு இருக்கும். சீமைப்பலா, சேனை, அம்பரெல்லா, புளியும் சர்க்கரையும் உருட்டிய உருண்டை, மோபி என்ற கசப்புப் பட்டை, கிறிஸ்துமஸ் பக்கம் புளிச்சக்கீரை இனச் செடியின் சிவந்த பூவிதழ். இங்கே வாங்க வேண்டியது மஞ்சள் நிற மிளகாய்ச் சாஸ்: ஸ்காட்ச் பானெட் மிளகாய், கடுகு, மஞ்சள், வெங்காயம், வினிகர். இதன் காரம் நம் வீட்டுக்காரர்களையும் திணறடிக்கும். செயின்ட் ஜார்ஜ் பகுதி பிரைட்டன் தோட்டத்தில் சனிக்கிழமை விடிகாலையில் உழவர் சந்தை கூடும். 10 மணிக்குப் போனால் காலி மேசைதான்.

ஆனால் பார்படோஸ் சந்தைகளின் மகுடம் ஓய்ஸ்டின்ஸ் மீன் துறை. வெள்ளி இரவு ஊரே அங்கே கூடும். தட்டில் சுட்ட மீன், மாக்கரோனி பை, வறுத்த நேந்திரம், கோஸ் சாலட். நாட்டின் மீன் பறவைக் கோலா; டிசம்பர் முதல் ஜூன் வரை நிறையப் படும். பட்டியலில் 'டால்ஃபின்' என்று இருந்தால் பதறாதீர்கள், அது மஹி மஹி என்ற மீன். 8 மணிக்குப் போனால் வரிசையில் ஒரு மணி நேரம். 6 மணிக்கே போய்விடுங்கள், அல்லது வியாழன், சனி பாருங்கள். 2024 ஜூலையில் பெரில் புயல் தீவின் மீன்பிடிப் படகுகளைப் பெருமளவு உடைத்துப்போட்டது. உள்ளூர் மீனைக் கேட்டு வாங்குவது மீனவர்களுக்கு நேரடி உதவி.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பார்படோஸில் ரொட்டிக் கடைகளில் உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை மடித்த ரொட்டியைக் கேளுங்கள். மார்த்தினீக்கில் சௌசௌவைப் பாலாடையோடு சுட்ட பதார்த்தம், அவரை வகைகள், காய்கறி வடை உண்டு. ஆனால் 'அக்ரா' என்று மட்டும் சொன்னால் கருவாட்டு வடைதான் வரும்.

ரம்

இனிதான் உண்மையான வேறுபாடு. பார்படோஸில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸ் என்ற பாகிலிருந்து ரம். மார்த்தினீக்கில் புதிதாகப் பிழிந்த கருப்பஞ்சாற்றிலிருந்து ரம். இரண்டும் ரம் என்ற ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும் வாசம், சுவை, குடிக்கும் முறை எல்லாம் வேறு.

மொலாசஸ் கெடாமல் தொட்டியில் இருக்கும். ஆகவே பார்படோஸ் ஆலைகள் கரும்பு வெட்டும் காலத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. இந்தத் தீவின் திறமை கலவையில் இருக்கிறது. செம்புப் பானை வடிகலனில் வரும் கனமான ரம்மையும், உயர்ந்த தூண் வடிகலனில் வரும் இலேசான ரம்மையும் சேர்த்து, போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறவிடுவார்கள். வெப்பத்தில் ஆண்டுக்குச் சுமார் 6 முதல் 8% வரை ஆவியாகிப் போகும்; ஸ்காட்லாந்தில் அது 2% அளவே. பத்து ஆண்டு வைத்தால் பீப்பாயில் பாதிதான் மிஞ்சும். வயதான பார்படோஸ் ரம்முக்கு இந்த விலை ஏன் என்பதற்கு இதுவே காரணம்.

மவுண்ட் கே 1703-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றைத் தன் பழமைக்கு ஆதாரமாகக் காட்டுகிறது. ஆலை வடக்கே செயின்ட் லூசியில் இருக்கிறது. பார்வையாளர் மையம் பிரிட்ஜ்டவுன் ஸ்பிரிங் கார்டன் சாலையில், பஸ்ஸிலேயே போகலாம். அங்கே கிடைப்பது நல்ல விளக்கமும் சுவைப்பும். நிஜ ஆலையைப் பார்க்க வேண்டுமானால் செயின்ட் பிலிப்பில் உள்ள ஃபோர்ஸ்கொயர். ரிச்சர்ட் சீல் நடத்தும் இந்த ஆலையை வாரநாட்களில் நீங்களே நடந்து பார்க்கலாம், கட்டணம் இல்லை. பானை, தூண், பீப்பாய்க் கிடங்கு எல்லாம் கண்முன்னே. ரம் மீது உண்மையான அக்கறை உள்ளவர்களுக்குத் தீவில் இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. செயின்ட் நிக்கலஸ் ஆபி 17-ஆம் நூற்றாண்டு மாளிகை. தன் தோட்டத்துக் கரும்பின் பாகிலிருந்து சிறு அளவில் ரம் செய்கிறது. அழகான இடம், விலை அதிகம், பஸ் வசதி குறைவு.

ரம் ஷாப் என்னும் சிறு கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. கிளாஸ் கணக்கில் கேட்பதை விட சிறு பாட்டில் வாங்கி, ஐஸோடு கோக் அல்லது தேங்காய்த் தண்ணீரைத் தனியாகக் கேட்டு, மேசையில் பகிர்ந்துகொள்வது வழக்கம். உள்ளே நுழையும்போதே எல்லோருக்குமாக ஒரு 'குட் ஆஃப்டர்நூன்' சொல்லுங்கள். ரம் பஞ்ச் அளவை எல்லோரும் பாட்டாகவே சொல்வார்கள்: புளிப்பு 1 பங்கு, இனிப்பு 2, ரம் 3, தண்ணீர் அல்லது ஐஸ் 4, மேலே பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு இரண்டு சொட்டும் ஜாதிக்காய்த் தூளும். பஞ்ச் திகட்டினால் பெரும்பாலும் காரணம் எலுமிச்சை குறைந்ததுதான்.

மார்த்தினீக்கில் காலம் முக்கியம். வெட்டிய கரும்பை வெயிலில் விட்டால் ஒரே நாளில் புளிக்கத் தொடங்கும். ஆகவே ஆலைகள் அறுவடைக் காலத்தில், பொதுவாகப் பிப்ரவரி முதல் ஜூன் வரை மட்டுமே இயங்கும். அந்த மாதங்களில் போனால் லாரியில் வந்த கரும்பு நசுங்குவதும், சக்கையை எரித்து அந்த நீராவியிலேயே இயந்திரம் ஓடுவதும், நுரைத்துப் பொங்கும் தொட்டிகளும், சித்திரை வெயிலில் கரும்புச்சாறு கடை வாசலில் நிற்பது போன்ற பச்சை வாசமும் கிடைக்கும். அக்டோபரில் போனால் நின்றுபோன இயந்திரங்களையும் கடையையும்தான் பார்ப்பீர்கள்.

1996 முதல் மார்த்தினீக் ரம்முக்கு ஏ.ஓ.சி. என்ற பிரெஞ்சுப் புவிசார் சட்டம் உண்டு. எந்த ஊர்க் கரும்பு, எத்தனை மணி நேர நொதிப்பு, எந்த வகை வடிகலன் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். தூண் வடிகலனிலிருந்து ரம் 65 முதல் 75% மது அளவில் இறங்க வேண்டும். லேபிளில் வயதைப் படிக்கும் முறை: 'எல்வே சூ புவா' என்றால் குறைந்தது 12 மாதம் மரத்தில், 'வியூ' என்றால் 3 ஆண்டு, வி.எஸ்.ஓ.பி. 4 ஆண்டு, எக்ஸ்.ஓ. 6 ஆண்டு.

ஆலைகளில் மூன்றைத் தேர்ந்தால் போதும். வடக்கே மக்கூபாவில் ஜே.எம்., பள்ளத்தாக்குக்குள் ஊற்று ஓரத்தில். சேன்-பியேரில் தெபாஸ், 1902 மே 8 அன்று வெடித்து ஊரையே அழித்த மோன் பெலே எரிமலையின் அடிவாரத்தில். லெ கார்பேயில் நீசோன், இன்றும் குடும்பத்தின் கையில் உள்ள சிறு ஆலை. மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம், ஆனால் வழி தெரிந்து போக வேண்டும். வடமுனையைச் சுற்றிச் சாலை இல்லை; மக்கூபாவிலிருந்து கடலோரமாக சேன்-பியேருக்குப் போக முடியாது. காலையில் தலைநகரிலிருந்து காட்டுச் சாலை என்-3 வழியாக மோர்ன்-ரூழ், அங்கிருந்து பாஸ்-புவான்த், மக்கூபா. பிறகு அதே வழியில் மோர்ன்-ரூழுக்குத் திரும்பி, மேற்கே இறங்கி சேன்-பியேர், கடைசியில் லெ கார்பே, கடலோரமாக வீடு. ஞாயிறன்று பல ஆலைகள் மூடியிருக்கும்.

கிளெமான் தோட்டம் அழகான மரங்களும் கலைப் பொருட்களும் கொண்டது. பழைய ஆலை இன்று காட்சிக்கு மட்டுமே, வடிப்பது வேறு இடத்தில். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது பொருந்தும்.

சுவைப்பதில் ஓர் எச்சரிக்கை. இங்கே வெள்ளை ரம் 50 அல்லது 55%. தி-பஞ்ச் என்ற சிறு கோப்பையில் எலுமிச்சையின் ஓரத்தில் சீவிய ஒரு துண்டைப் பிழிந்து, கரும்புப் பாகு ஒரு சிறு கரண்டி விட்டு, மேலே 4 அல்லது 5 சென்டிலிட்டர் ரம் ஊற்றிக் கலக்கி, ஐஸ் இல்லாமல் குடிப்பார்கள். பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு உங்களையே கலக்கச் சொல்வார்கள். பழக்கமில்லாதவர்கள் இரண்டாவது கோப்பையில் தடுமாறுவது சகஜம். வாகனம் ஓட்டுபவருக்குப் பிரெஞ்சுச் சட்டத்தில் எல்லை லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், சோதனை அடிக்கடி நடக்கும். கார் அவசியமான தீவில் ஆலைச் சுற்றுலா போவதால், ஓட்டுபவர் ஒருவர் குடிக்காமலே இருக்க வேண்டும். பார்படோஸில் பஸ் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. இருவர் மட்டும் போகும் பயணத்தில் இது பெரிய வித்தியாசம்.

எப்போது, யாருக்கு எது

மழையும் புயலும் ஜூன் முதல் நவம்பர் வரை. ஆகஸ்ட் பிற்பாதியும் செப்டம்பரும் உச்சம். பார்படோஸ் தீவுச் சங்கிலிக்குக் கிழக்கே ஒதுங்கி நிற்பதால் நேரடி அடி சற்றுக் குறைவு என்றாலும் 2021-இல் எல்சா வந்து தாக்கியது; விலக்கு என்று நினைக்க முடியாது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம், விலையும் உச்சம். ஆலை ஓடுவதைப் பார்க்க மார்த்தினீக்குக்குப் பிப்ரவரி பிற்பாதி முதல் ஏப்ரல் வரை மிகச் சரி. பார்படோஸின் பெருவிழாவான கிராப் ஓவர் ஆகஸ்ட் முதல் திங்களன்று முடியும். அந்த வாரம் அறை கிடைப்பது கடினம்.

கார் ஓட்டாதவர், வயதான பெற்றோரோடு போகிறவர், ஆங்கிலம் மட்டும் போதும் என்பவர், மரத்தில் ஊறிய மென்மையான ரம் விரும்புபவர்: பார்படோஸ், தெற்குக் கரையில் தங்குங்கள். மலை, காடு, கறுப்பு மணல், மசாலாச் சந்தை, கரும்பு வாசம் தூக்கலான ரம் ஆகியவற்றுக்காக ஓட்டவும் கொஞ்சம் பிரெஞ்சு பேசவும் தயாராக இருப்பவர்: மார்த்தினீக், நான்கு இரவு தெற்கே, மூன்று இரவு லெ கார்பே பக்கம். இரண்டும் சம அளவில் ஈர்த்தால் மார்த்தினீக்கையே சொல்வோம். பார்படோஸின் நல்ல ரம் லண்டனிலும் டொரொண்டோவிலும் கடையில் கிடைக்கும். மார்த்தினீக்கின் அறுவடை மாத ஆலை வேறெங்கும் கிடைக்காது.

பாட்டில் வாங்குவதற்குச் சில விவரங்கள். பார்படோஸில் டோர்லிஸ் 12, மவுண்ட் கே எக்ஸ்.ஓ. இரண்டும் நம்பி வாங்கலாம். வரியில்லாக் கடையில் பாஸ்போர்ட்டும் பயண டிக்கெட்டும் கேட்பார்கள். மிஞ்சிய பார்படோஸ் டாலரை அங்கேயே செலவழியுங்கள், வெளியே மாற்றுவது கடினம். 2 பார்படோஸ் டாலர் 1 அமெரிக்க டாலர் என்பது நிலையான கணக்கு. மார்த்தினீக்கில் சூப்பர் மார்க்கெட் விலை பெரும்பாலும் விமான நிலைய விலையைவிடக் குறைவு. நீசோன் வெள்ளை, ஜே.எம். வெள்ளை, தெபாஸ் வி.எஸ்.ஓ.பி. ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். செக்-இன் பெட்டியில் 24 முதல் 70% வரையிலான மது ஒருவருக்கு 5 லிட்டர் வரை, மூடி திறக்காத பாட்டிலில் மட்டும். 70%-க்கு மேல் விமானத்தில் ஏறவே கூடாது. இந்தியாவுக்குள் வரியில்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர். விமான நிலையத்தில் வாங்கிய பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் முத்திரையிட்ட பையைப் பிரிக்காமல் ரசீதோடு வையுங்கள். அமெரிக்கா வழியாக வந்தால் அங்கே பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கும்போது பாட்டிலைப் பெட்டிக்குள் மாற்றிவிடுங்கள். பாட்டிலின் கழுத்தில் இரண்டு சாக்ஸ், உடம்பில் ஈரமில்லாத துண்டு, பெட்டியின் நடுவில், எந்தப் பக்கமும் ஓரத்தைத் தொடாமல். தக்கை மூடியுள்ள பாட்டிலாக இருந்தால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஜிப் பையில் போட்டு, நிமிர்த்தி வையுங்கள். விமானத்தின் அழுத்தத்தில் தக்கை மெல்ல வெளியே தள்ளப்படும்.